நெட்டு வராத வாரம்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அப்பா போன பிறகு அந்த வீட்டில் ஓர் அறையில் தனியாகப் படுக்க எனக்குப் பயமாக இருந்தது. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பது நாற்பதைத் தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வீடு குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற ரோட்டுக்குக் கீழே, தேயிலைச் சரிவில் இருக்கிறது. அப்பா ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக மலையேறி வந்தவர், குளிரைத் திட்டிக்கொண்டே கடைசிவரை இங்கேயே இருந்துவிட்டார். ஆடி மழையில் ஒரு காலை எழுந்திருக்கவில்லை. கருமாதி முடிந்ததும் உறவுக்காரர்கள் எல்லாரும் இறங்கிப் போனார்கள். கணவரும் பையனும்கூடக் கோயம்புத்தூர் திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் அம்மாவோடு தங்கினேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீஸில் சில வாரங்களுக்குச் சம்மதித்திருந்தார்கள்.

நான் தங்கியதற்கு ஒரே காரணம்தான். அம்மாவை எப்படியாவது கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அம்மாவுக்கு வீசிங் உண்டு. பனிக்காலம் வந்தால் விடியற்காலையில் நெஞ்சு இழுக்க ஆரம்பித்துவிடும். இத்தனை வருடமும் எழுந்து வெந்நீர் வைத்து, இன்ஹேலரை எடுத்துக் கையில் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டது அப்பா. போன மார்கழியில் ஆஸ்பத்திரிக்கு ஜீப் பிடித்துக் கொண்டுபோனதும் அவர்தான். இனி அந்த இடத்தில் யார்? பக்கத்து வீடு என்று சொல்ல ஒன்று இருக்கிறது, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில். இதையெல்லாம் நான் தினமும் அம்மாவிடம் சொன்னேன். முதலில் பொறுமையாக, பிறகு கத்தி, பிறகு அழுது. என் கோபம் ஊரறிந்தது. அம்மா அசையவில்லை. அவளிடம் இருந்தது ஒரே பதில்.

"நான் வந்துட்டா உங்கப்பா தனியா இருப்பாரு அம்மிணி."

வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. காலையில் டீ போட்டால் மூன்று டம்ளரில் ஊற்றுவாள். மழை வந்தால் வாசலில் கிடக்கிற அப்பாவின் செருப்பை எடுத்து உள்ளே வைப்பாள். சமையலறையில் தணிந்த குரலில் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பாள், நான் போனால் நிறுத்திவிடுவாள். ஒருமுறை கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். உருளைக்கிழங்கு விலையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பதிலுக்கு நேரம் கொடுத்துப் பேசுகிற மாதிரி நடுநடுவே நிறுத்தினாள். நான் சத்தம் வராமல் என் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

இதற்கு மேல் அந்த அலமாரி. சுவரிலேயே கட்டிய மர அலமாரி, நான் படுத்திருந்த அறையில். மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே மழைக்காலத்தில் எல்லாவற்றிலும் பூசணம் பிடிக்கும். துணி, செருப்பு, பெல்ட், பள்ளிக்கூட சர்ட்டிஃபிகேட், சாமி படம், எதையும் விடாது. அதற்காக அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பைப் போட்டு எரியவிடுவோம். அந்தச் சூட்டில் உள்ளே காய்ந்திருக்கும். எங்கள் வீட்டில் நமுத்துப்போன அப்பளமும் தீப்பெட்டியும்கூட அந்த அலமாரிக்குத்தான் போகும். வெயில் வந்ததும் மற்ற வீடுகளில் பல்பை நிறுத்திவிடுவார்கள். அப்பா மட்டும் கடைசி இரண்டு வருடமாக வெயில் காலத்திலும் நிறுத்தவில்லை. அம்மா கரண்ட் பில்லைச் சொல்லிப் புலம்பினால், "இருக்கட்டும், உனக்கென்ன" என்பார். அதற்கு மேல் விளக்கம் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அப்பா இறந்த பிறகும் பல்பு எரிந்தது. உள்ளே அவருடைய ஸ்வெட்டர்கள், சட்டைகள், மங்கி கேப் எல்லாம் அப்படியே இருந்தன. கருமாதியன்று துணிகளை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னபோது அம்மா கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். அலமாரியைத் திறக்க எனக்கும் தைரியம் இல்லை. திறந்தால் அவர் வாசனை வரும்.

இரவில் விளக்கை அணைத்தால் அலமாரிக் கதவின் அடியிலிருந்து மஞ்சளாக ஒரு வெளிச்சக் கோடு தரையில் விழும். எதிர் அறையில் கதவைத் திறந்து வைத்துப் படுத்திருக்கும் அம்மாவுக்கும் அது தெரியும். அவள் அந்தப் பக்கம் திரும்பித்தான் படுப்பாள். கோடு சில சமயம் மங்கும், மறுபடி தெளியும். உள்ளே யாரோ பல்புக்கு முன்னால் வந்து நின்றுவிட்டு விலகுவது போல இருக்கும். வோல்டேஜ்தான். மலையில் வோல்டேஜ் ஒரு நாளும் ஒழுங்காக இருந்ததில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சமே பேயாக இருந்தது.

ஒரு நாள் மதியம் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட மாதிரி இருட்டிக்கொண்டு இடி இடித்தது. இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு என்பது அப்பாவின் சட்டம். டிவி, ஃப்ரிட்ஜ், ஹாலில் ஜன்னலோரம் இருந்த ரௌட்டர், எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பிடுங்கினேன். அம்மா பின்னால் கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். என் அறைக்கு வந்து அலமாரிப் பல்பின் சுவிட்சையும் தட்டினேன். கோடு மறைந்தது. அறை சாதாரண அறையாகிவிட்டது. இடி ஓய்ந்ததும் மற்ற எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். அதை மட்டும் போடவில்லை. மறந்து அல்ல, வேண்டுமென்றே. அம்மாவிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் போடச் சொல்வாள். அன்று இரவு, அங்கே போனதிலிருந்து முதல்முறையாக, நான் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் இரண்டு விஷயம் நடந்தது.

முதலாவது, அம்மா டீயை இரண்டே டம்ளரில் கொண்டுவந்தாள். ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. தூங்கவில்லை போலிருக்கிறது.

"சரி அம்மிணி. நானும் உன்றகூட வந்தர்றேன். இனி இங்க எனக்கு என்ன இருக்குது."

என் பேச்சு கடைசியில் அவள் மனதை மாற்றிவிட்டது என்று நினைத்தேன். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் திடீரென்று என்று கேட்கவில்லை. கேட்டால் மனது மாறிவிடுமோ என்கிற பயம்தான்.

இரண்டாவது, நெட் வரவில்லை. ரௌட்டரில் ஒரு விளக்கு பச்சையாகவும் இன்னொன்று சிவப்பாகவும் எரிந்தது. வீட்டுக்குள் செல்போன் சிக்னலும் கிடையாது. போன் பேச, மேலே ரோட்டோரத் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறிப் போக வேண்டும். போய் முதலில் கணவருக்குச் சொன்னேன். அம்மா வருகிறாள், ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று. பிறகு நெட் கொடுத்திருக்கும் கேபிள் ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"நேத்து இடியில ஏகப்பட்ட ஊட்டுல ரௌட்டர் போயிருச்சுங்க. உங்களுதும் போயிருக்கும். புதுசு மாத்திட்டுக் கூப்புடுங்க மேடம்."

ஞாயிற்றுக்கிழமை காலி பண்ணப்போகிற வீட்டுக்கு இப்போது எதற்குப் புது ரௌட்டர் என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதுவரை தொட்டி மேல் உட்கார்ந்து செல்போன் நெட்டில் வேலை பார்த்திருக்கலாம். ஒரு நாள் பார்க்கவும் செய்தேன். மழைக்குக் குடை பிடித்தபடி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே தேயிலைக்குள் நின்ற காட்டெருமை ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஆபீஸில் என் மேலதிகாரி, வேலை தேங்குகிறது என்று சொல்லிவிட்டார். மறுநாள் பஸ் ஏறி, குன்னூரில் கிடைக்காமல் ஊட்டி வரை போனேன். கடைக்காரர் புது ரௌட்டரை டப்பாவோடு எடுத்துக் கொடுத்து, "ரொம்ப ஈசிங்க, வயரைச் சொருவுனா வேலை முடிஞ்சுது" என்றார்.

முடியவில்லை. பழைய ரௌட்டரிலிருந்து கழற்றிய வயரைச் சொருகினேன். பெயர் கொடுத்தேன், பாஸ்வேர்ட் வைத்தேன். என் போன் அதோடு உடனே சேர்ந்துகொண்டது. ஆனால் அதற்குக் கீழே "இணைய இணைப்பு இல்லை" என்று சின்ன எழுத்தில் வந்தது. பின்னால் இருக்கிற துளையில் ஊசியைக் குத்தி, எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து செய்தேன். மறுபடி அதே. நான் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அந்தக் கறுப்புப் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மா தன் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு மூன்று நாளாக அவள் யாரிடமும் பேசவில்லை, சமையலறையில்கூட. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அதை நான் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

"இப்ப அது எதுக்கு அம்மிணி? போறதுதானே?" என்றாள்.

"இதை இப்படியே உட்டுட்டுப் போக எனக்கு மனசு வரலீங்ம்மா" என்றேன். உண்மை அதுதான். ஒரு பெட்டி என்னைத் தோற்கடிப்பதா என்கிற வீம்பு.

சனிக்கிழமை காலை மறுபடி தொட்டிக்கு ஏறி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் ஒன்று சொல்வாள், நான் இறங்கி வந்து பார்ப்பேன், மறுபடி ஏறிப் போய்ச் சொல்வேன். எனக்கும் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கடைசியில் அவள் கேட்டாள்.

"ரௌட்டருக்குள்ள வயர் சொருவுற எடத்துல ஒரு லைட்டு எரியணுமுங்க. எரியுதுங்களா?"

"இல்லீங்க. அது எரியவே இல்லீங்க."

"அப்ப ரௌட்டர் மேல தப்பில்லீங்க. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வெள்ளைப் பொட்டி வெச்சிருப்போம். கம்பத்து லைன் மொதல்ல அதுக்குள்ளதான் வரும். அது எரியுதான்னு பாருங்க."

அப்படி ஒரு பெட்டியை நான் அந்த வீட்டில் பார்த்ததே இல்லை. அந்த வயரின் இன்னொரு நுனி எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னாள். இறங்கி வந்து, ஹால் சுவரோரம் மண்டியிட்டு வயரைத் தொட்டுக்கொண்டே போனேன். சோபாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு துளை. வயர் அதற்குள் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் என் அறை. அந்த அறையில், அந்தத் துளைக்கு நேராக, அலமாரி.

திறக்காமல் வேறு வழியில்லை. திறந்தேன். முதலில் நாப்தலின் உருண்டை வாசம், பிறகு தைலம், பிறகு அவர். அதற்கும் கீழே ஈரத்தின் நாற்றம். பல்பை நிறுத்திய அந்தச் சில நாளுக்குள் அவருடைய கறுப்புக் கோட்டின் காலரில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. அதை உள்ளங்கையால் துடைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் துணிக்கு நான் செய்த காரியம் அது.

மேல்தட்டில், மங்கி கேப்புக்குப் பின்னால், பல்புக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைப் பெட்டி இருந்தது. வெளியிலிருந்து வந்த லைன் அலமாரியின் மூலை வழியாக அதற்குள் நுழைந்திருந்தது. அதன் கரண்ட் வயர் தனியாக எந்த பிளக்குக்கும் போகவில்லை. பல்பின் வயரோடு சேர்த்து முறுக்கி, சிவப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பை அவர் சுற்றுகிற விதம் எனக்குத் தெரியும், ஓரத்தை மடித்துவிட்டு முடிப்பார். அம்மா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. முதலில் ஹாலில் மாட்டிய பெட்டி ஒரே மழைக்காலத்தில் பூசணம் பிடித்துப் போய்விட்டதாம். மலைக்காரர் என்ன செய்வார்? அப்பளத்தையும் தீப்பெட்டியையும் எங்கே வைப்பாரோ அங்கேயே அதையும் வைத்துவிட்டார். வெயில் காலத்திலும் பல்பு ஏன் எரிந்தது என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்களோடு வீடியோவில் பேசுவதற்காக அவர் அந்த பல்பை எரியவிட்டிருக்கிறார்.

நெட்டை நிறுத்தியது நான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக ஊட்டி வரை போய்விட்டு வந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சுவிட்சைத் தட்டினேன்.

பல்பு எரிந்தது. வெள்ளைப் பெட்டியில் வரிசையாகச் சின்ன விளக்குகள் கண் சிமிட்டி, பிறகு நிலைத்து நின்றன. என் போனில் அத்தனை நாள் சேர்ந்த செய்திகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, வந்துருச்சு" என்று கூப்பிட்டேன்.

நெட்டைத்தான் சொன்னேன். அம்மா ஈரக்கையோடு வந்து அறை வாசலில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. திறந்த அலமாரியையும், எரிகிற பல்பையும், அந்த வெளிச்சத்தில் தொங்கிய பழுப்பு ஸ்வெட்டரையும் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்த அலமாரியிடம், மிகவும் மெதுவாகச் சொன்னாள்.

"போயிட்டீங்கன்னு நெனச்சேனுங்க."

என் கையிலிருந்த போன் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. இடி இடித்த அன்று இரவு அவள் எதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், காலையில் ஏன் இரண்டே டம்ளர், ஏன் சரி என்றாள், எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. அவளை மாற்றியது என் பேச்சு இல்லை. அவர் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார் என்று நம்பித்தான் அவளும் கிளம்பச் சம்மதித்திருக்கிறாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் ஊதியாகிவிட்டது. இனி விளக்கியாவது சரிசெய்யலாம் என்று நினைத்து, அவளைக் கட்டிலில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைப் பெட்டி, வயர், டேப், அப்பா செய்து வைத்திருந்த ஏற்பாடு. பல்பு எரிந்ததற்கும் அவர் இங்கே இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை, நெட்டுக்காக எரிந்தது என்றேன். கோபப்படாமல் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிற மாதிரி சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு லைட்ட நிறுத்துனது நீயா?"

ஒரு நொடி பொய் சொல்ல நினைத்தேன். இடியில் தானாகவே அணைந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் போதும். அவள் பை தயாராக இருந்தது. மறுநாள் கார் வந்துவிடும். மார்கழியில் அவள் என் வீட்டில், என் கண் முன்னால் இருப்பாள். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்ம்மா. நான்தான்."

"அவரு நிறுத்தலையல்ல?"

"இல்லீங்ம்மா."

அம்மா தலையை ஆட்டினாள். அத்தனை நாள் வீங்கியிருந்த முகம் தெளிந்துவிட்டது. கோபமே இல்லை. எழுந்து போய்த் தன் பையை எடுத்துவந்து கட்டிலில் வைத்துப் பிரித்தாள். சேலைகளை எடுத்து, ஒவ்வொன்றாக, அப்பாவின் சட்டைகளுக்குப் பக்கத்திலேயே அடுக்க ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். பனி வரப்போகிறது என்றேன். மூச்சு இழுத்தால் யார் இருக்கிறார்கள் என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி, எனக்காகவாவது வாங்கம்மா என்றேன். அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, கோட்டின் காலரைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"நாளைக்கு மாப்பிள்ளை வந்தா நீ பொறப்படு அம்மிணி. நெட்டுதான் வந்துருச்சே. அங்கிருந்தே தெனமும் பேசிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் மட்டும் மலையிறங்கினேன்.